பழைய லிட்மஸ் தாள்

லிட்மஸ் சாருக்குக் காது சிவப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இடது காது, அப்புறம் வலது, கடைசியாகக் கழுத்து. அவர் பொய் சொன்னால் சிவக்கும். அடுத்தவர் பொய் சொல்லி அதை இவர் கேட்டுக்கொண்டு நின்றாலும் சிவக்கும். மேடையில் யாராவது இவரைப் புகழ்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேதியியல் வாத்தியாருக்கு இப்படியொரு காது அமைந்தால் பிள்ளைகள் பேர் வைக்காமல் விடுவார்களா? வைத்துவிட்டார்கள். இப்போது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவருக்கு வேறு பெயர்.

அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் பதினோரு வருஷமாக வேதியியல் எடுக்கிறார். பதினோரு வருஷமும் தற்காலிகம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலை போய், பள்ளி திறந்ததும் திரும்ப வரும். மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டும்போதெல்லாம் "இன்னும் நிரந்தரம் ஆகலையா மாப்ள?" என்று ஒரு குரல் வரும். உடனே இடது காதில் ஆரம்பிக்கும்.

அவருக்கு விசுவாசம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை தப்பாகப் போய்விடும். கல்லூரியில் முதன்முதலாக மயில்துத்தக் கரைசலை ஆறவைத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தபோது, பீங்கான் கிண்ணத்தில் நீலப் படிகங்கள் பட்டை தீட்டியதுபோல் உட்கார்ந்திருந்தன. யார் சொல்லியும் அல்ல, தானாகவே கை கூப்பிவிட்டார். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அன்றைக்குச் சிவந்த காதுதான். ஆனால் அந்தக் கைகூப்பலை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வகுப்பில் அவருக்கு ஒரே சட்டம். கரும்பலகையின் வலது மூலையில் கட்டம் போட்டு எழுதி, கீழே 'அழிக்காதே' என்றும் எழுதி வைத்திருந்தார்: 'பார்த்ததை எழுது. வரவேண்டியதை எழுதாதே.' போன வருஷம் ஒரு பையன் பச்சை வீழ்படிவு வந்ததை, புத்தகத்தில் இருக்கிறதே என்று நீலம் என எழுதிவிட்டான். அவனை மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, "உன் கண்ணை நீயே நம்பலேன்னா எதுக்குடா அது?" என்று கேட்டவர் அவர்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புதுத் தாளாளர் வந்து சேர்ந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்துக்கும் ஒரு படிவம், படிவத்துக்கு மூன்று நகல், நகலுக்கு ஒரு முத்திரை. வந்த வாரமே விசுவாச இணைப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, தானே தலைவராகவும் ஆகிவிட்டார். வேதியியலைக் கிறிஸ்தவப் பார்வையில் கற்பிக்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். குழுவில் வேதியியல் படித்தவர் ஒருவரும் இல்லை. அதுவும் தீர்மானம்தான். "படிச்சவங்க இருந்தா விவாதம் வரும்" என்று கூட்டக் குறிப்பிலேயே எழுதியிருந்தது.

பாடக் குறிப்புப் படிவத்தில் 'விசுவாச இணைப்பு' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வசனம், அதற்கு எண். லிட்மஸ் சார் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்றால் நம்புவீர்களா? இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததே! படிகமாக்கல் பாடத்துக்கு நேரே ஆசையாக எழுதினார்: 'இந்தப் படிகங்களைப் பார்க்கையில் ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றுகிறது.' மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. குறுக்கே ஊதா முத்திரை: 'வசன எண் இல்லை. நிராகரிக்கப்பட்டது.'

படிவத்தில் புதுக் கட்டத்துக்கு இடம் வேண்டுமே, அதற்காக எடுத்த கட்டம் 'எச்சரிக்கை'. அமிலம் தெறிக்கும், கண்ணாடி வெடிக்கும், முகத்தைத் தள்ளி வை என்றெல்லாம் எழுதுகிற கட்டம். லிட்மஸ் சார் தயங்கித் தயங்கித் தாளாளர் அறைக்குப் போய்க் கேட்டார்.

"வேதம் முழுக்க பயப்படாதே, பயப்படாதேன்னு சொல்லுது" என்றார் தாளாளர். "நீங்க என்னடான்னா கட்டம் போட்டுப் பயமுறுத்துறீங்க. விசுவாசிக்கு எதுக்கு சார் எச்சரிக்கை?"

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தது பெயர்ப்பலகை. 'வேதியியல் சோதனைக்கூடம்' என்று வாசலில் இருந்ததைத் தாளாளர் ஒரு நாள் நின்று படித்தார். படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் மேடையிலேயே கேட்டார்: "தினம் இங்க நின்னு என்ன ஜெபிக்கிறோம்? எங்களைச் சோதனையில விழாம காப்பாத்தும்னு. ஜெபம் முடிஞ்ச கையோட பிள்ளைங்களை வரிசையா எங்க அனுப்புறோம்? சோதனைக்கூடத்துக்கு! இது எப்பேர்ப்பட்ட முரண்பாடு! நாற்பது வருஷமா யாருக்குமே உறைக்கலையே!"

அன்றிலிருந்து அது சாட்சிக்கூடம். சோதனைக்குழாய் சாட்சிக்குழாய் ஆயிற்று. செய்முறை நோட்டில் காலங்காலமாக இருந்த 'சோதனை, காண்பது, அறிவது' என்ற மூன்று கட்டங்கள் 'செயல், சாட்சி, விசுவாசம்' ஆயின. உடைந்துபோன சோதனைக்குழாய்களுக்குப் பதிலாக 'சாட்சிக்குழாய், பெரியது' என்று கடைக்கு எழுதிப் போட்டார்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்திருப்பார், பாவம். ஏதோ சாட்சிக் கூட்டத்துக்குக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று இரண்டு பெரிய குழாய் ஒலிபெருக்கிகளை அனுப்பிவைத்தார். தாளாளர் அசரவில்லை. "நாம கேட்டது ஒண்ணு, நமக்குத் தேவையானது ஒண்ணு" என்று சொல்லி, அவற்றை இறைவணக்க மைதானத்தில் கட்டிவிட்டார். பிள்ளைகள் மிச்சமிருந்த ஆறு குழாய்களை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நடுநிலையாக்கல் பாடம் நீக்கப்பட்டது, விசுவாசி நடுநிலையாக இருக்கக் கூடாதாம். வினையூக்கி மட்டும் தாளாளருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தான் மாறாமல் மற்றதை மாற்றுவது என்று கேள்விப்பட்டதும் கண் கலங்கிவிட்டார். "இது என்னோட சாட்சி சார். முப்பத்து நாலு வருஷம் எத்தனையோ பேரை மாத்தியிருக்கேன். என்னை மட்டும் ஒருத்தராலயும் ஒரு இம்மி மாத்த முடியல" என்றார். அந்தப் பக்கத்தில் அவர் படத்தை ஒட்டச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது.

இதற்கெல்லாம் லிட்மஸ் சார் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு 'சரி'க்கும் காது சிவந்தது. அதையும் அடக்கம் என்று தாளாளர் நினைத்துக்கொண்டார்.

திருமண்டல அலுவலகத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று ஒரு நாள் அறிவிப்பு வந்தது. மாதிரி வகுப்பு வேதியியல். அது நன்றாக நடந்தால் லிட்மஸ் சாருக்கு நிரந்தர உத்தரவு. செய்முறையைக் குழுவே எழுதிக் கொடுத்தது. தலைப்பு, 'பாவத்தின் மேல் கிருபை'. கண்ணாடிக் குடுவையில் அடர் கந்தக அமிலம், அது பாவம். அதன் மேல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், அது கிருபை.

லிட்மஸ் சார் அதை இரண்டு தடவை படித்தார். வேதியியலில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பது அது: அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்றணும், கொஞ்சம் கொஞ்சமாக. அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எதிரில் நிற்பவன் கண் போகும். ஓடினார் தாளாளரிடம்.

"ஐயா, மாத்தி ஊத்தணும் ஐயா. தண்ணியில அமிலத்தை ஊத்தணும்."

"அதாவது கிருபையில பாவத்தைக் கொண்டுபோய்க் கொட்டணும்கிறீங்க."

"அப்படி இல்ல ஐயா, இப்படி ஊத்தினா தெறிச்சிரும். முன்னால பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும்."

தாளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், கிருபை மேலருந்து கீழ வரும். அது இறையியல். உங்க அமிலத்துக்காக அதைத் தலைகீழா மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. மூணு நகல்ல கையெழுத்தாகி மண்டலத்துக்குப் போயாச்சு." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "பதினோரு வருஷம் பொறுத்துட்டீங்க. இன்னும் நாலு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

அந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை பிற்பாடு அந்த அறைக்கு மனசுக்குள் திரும்பப் போய், முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அன்றைக்குச் சொன்னது என்னவோ "சரிங்க ஐயா"தான்.

பார்வையாளர்கள் வந்த அன்று, காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்க் கூடத்தைத் திறந்தார். 'கந்தக அமிலம்' என்று ஒட்டியிருந்த காலி சீசாவைக் கழுவினார். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தார். மூடியைத் திருகி மேசை நடுவில் வைத்தார். பிள்ளைகள் கண்ணைக் காப்பாற்றத்தானே என்று சொல்லிக்கொண்டார். அது நிஜம்தான். ஆனால் மூடியைத் திருகும்போதே அவர் மனம் உத்தரவுக் காகிதத்தையும் மாமனார் முகத்தையும் நினைத்துக்கொண்டது, அதுவும் நிஜம்.

வகுப்பு ஜோராக நடந்தது. பார்வையாளர்கள் முன்வரிசையில். லிட்மஸ் சார் சீசாவைக் குடுவையில் கவிழ்த்து, வசனம் சொல்லி, கையைத் தூக்கி, தண்ணீரின் மேல் தண்ணீரை ஊற்றினார். ஒரு சத்தமும் இல்லை, ஒரு புகையும் இல்லை.

"பாருங்க, எவ்வளவு சமாதானம்!" என்றார் தாளாளர். "பயமுறுத்தினாங்க சார் என்னை, தெறிக்கும் வெடிக்கும்னு!" பார்வையாளர்கள் குறித்துக்கொண்டார்கள். தாளாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிள்ளைங்க யார் வேணாலும் வந்து பக்கத்துல பார்க்கலாம்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று கேட்பதால் அவளுக்கு 'ஏன்சார்' என்றே பேர். லிட்மஸ் சாருக்கு அவள்மேல் தனிப் பிரியம். ஒட்டியிருக்கிற பேரை நம்பாதே, தாளை நனைத்துப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு நீல லிட்மஸ் தாளை எடுத்தாள். குடுவையில் நனைத்தாள். தூக்கிப் பிடித்தாள்.

நீலம் நீலமாகவே இருந்தது.

"என்னம்மா அது?" என்றார் தாளாளர்.

"சிவக்கணும் ஐயா. சிவக்கல. இது அமிலமே இல்ல."

அத்தனை பேரும் லிட்மஸ் சாரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் கொடுமை. இதற்கு சார் ஒரு நல்ல காரணம் வைத்திருப்பார், இப்போது சொல்லுவார் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"தாள் பழசு" என்றார் லிட்மஸ் சார். "ஈரம் பட்டிருக்கும்."

"நேத்துதான் சார் புதுக் கட்டைப் பிரிச்சீங்க."

"பழசும்மா. போய் உட்காரு."

தாளாளர் எழுந்தார். "குறை தாள்ல இல்ல. உன் விசுவாசத்துல இருக்கு. பெரியவங்க இத்தனை பேரு அமிலம்னு ஒத்துக்கிட்டதை ஒரு துண்டுக் காகிதத்தை வெச்சு இல்லேங்கிறியே, உனக்குக் கூச்சமா இல்ல?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தாளை நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். லிட்மஸ் சாருக்கு இரண்டு காதும் எரிந்து, கழுத்தும் எரிந்து, அதற்கு மேல் எரிய இடமில்லாமல் கண்ணுக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி அவர் காதைத்தான் பார்த்தாள்.

"யார்கிட்டங்க பொய் சொன்னீங்க?"

"ஒரு பிள்ளைகிட்ட."

அவள் திரும்பத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் செய்முறை நோட்டுகள் வந்தன. நாற்பத்தொன்று. நாற்பதில் சாட்சிக் கட்டத்தில் ஒரே வாக்கியம்: 'தாள் சிவந்தது.' வகுப்பே கண்ணால் நீலத்தைப் பார்த்துவிட்டு, கையால் சிவப்பை எழுதியிருந்தது. நாற்பது பேரையும் மூன்று நாள் நிறுத்திவைத்துத் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டியதுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நாற்பத்தோராவது நோட்டு ஏன்சாருடையது. நீலத் தாளை ஒட்டி, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'தாள் சிவக்கவில்லை. சாரின் காது சிவந்தது. முதலில் இடது, பிறகு வலது.' விசுவாசக் கட்டம் காலியாக இருந்தது.

நோட்டுகளைத் தாளாளரும் பார்வையிட்டார். அவள் நோட்டை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். "இதைத் திருத்தி எழுதச் சொல்லுங்க. திருத்தாம நீங்க கையெழுத்துப் போடக் கூடாது." கையெழுத்தில்லாத நோட்டு என்றால் செய்முறைத் தேர்வு கிடையாது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

லிட்மஸ் சார் நோட்டை அவளிடம் நீட்டினார். "கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா" என்றார்.

"யோசிச்சுதான் சார் எழுதினேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, நீலத் தாள்தான் வந்தது. மூன்றாம் நாள் காலை இறைவணக்கத்தில், பார்வையாளர்களின் பாராட்டுக் கடிதத்தை வாசித்துவிட்டுத் தாளாளர் அவரைச் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார். சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஏறினார். மைதானத்துச் சாட்சிக்குழாய்கள் இரண்டும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கின.

"அன்னைக்கு நான் ஊத்தினது அமிலம் இல்ல" என்றார். "அது தண்ணி. அந்தப் பிள்ளை சொன்னதுதான் நிஜம். தாள் பழசு இல்ல."

தாளாளர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். முகம் ஒரு கணம் வெளிறியது. அப்புறம், அடேயப்பா, விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டீங்களா? அமிலம் தண்ணியா மாறியிருக்கு!"

"ஐயா, மாறல ஐயா. நான்தான் குழாய்ல பிடிச்சு வெச்சேன்."

"பிடிச்சது யார் கையா இருந்தா என்ன சார்? கர்த்தர் அந்தக் கையைப் பயன்படுத்தியிருக்கார்! இவருக்கே தெரியாம இவரைப் பயன்படுத்தியிருக்கார்!"

"எனக்குத் தெரிஞ்சுதான் ஐயா..."

"எவ்வளவு தாழ்மை, பாருங்க!"

கைதட்டல் எழுந்தது. குழாய்களில் கைதட்டலும் ஸ்தோத்திரமும் கீச்சும் கலந்து, அவர் அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது அவர் காதுக்கே எட்டவில்லை. தாளாளர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். நிரந்தர உத்தரவு, மூன்று நகல். எல்லார் முன்னாலும் நீட்டினார். லிட்மஸ் சார் அதைப் பார்த்தார். பதினோரு வருஷம். கை போய் வாங்கிக்கொண்டது. யாரோ வேறொருவருடைய கை என்று சொல்லிக்கொள்ளலாம்போல் இருந்தது, ஆனால் அவருடையதேதான்.

அந்த அமிலச் சீசாவை அன்று மத்தியானமே கண்ணாடிப் பெட்டியில் வைத்து அலுவலக வாசலில் நிறுத்திவிட்டார்கள். எல்லா நோட்டிலும் மூன்றாவது கட்டத்தில் 'அற்புதம்' என்று எழுதச் சொல்லிச் சுற்றறிக்கையும் வந்தது.

பள்ளி விட்டதும் ஏன்சார் நோட்டோடு வந்து நின்றாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. சிங்க்கில் ஆறு குழாய்கள் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன.

"இப்போ நீலம்னு எழுதினது சரிதானாம் சார். ஆனா மூணாவது கட்டத்துல அற்புதம்னு எழுதணுமாம். எழுதட்டுமா?"

"நீ என்ன பார்த்தியோ அதை எழுதும்மா."

"பார்த்தது ரெண்டாவது கட்டம் சார், அது எழுதிட்டேன். மூணாவதுல, பார்த்ததுலேருந்து என்ன தெரியுதுன்னு எழுதணும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க." தயங்கினாள். "அன்னைக்கே பென்சில்ல எழுதி வெச்சிருந்தேன். குடுக்கும்போது அழிச்சிட்டேன். இப்ப திரும்ப எழுதியிருக்கேன். வேணாம்னா மறுபடி அழிச்சிடுறேன்."

நோட்டைத் திறந்து காட்டினாள். 'குடுவையில் இருந்தது தண்ணீர். தாள் பழசு இல்லை. இது சாருக்குத் தெரியும்.'

இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே தாளாளர் மேசைக்குப் போகும். மேலே ஊதா முத்திரை விழும். உத்தரவின் மேலும் விழலாம். லிட்மஸ் சார் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"அழிக்காதே. மை போட்டு எழுது."

அவள் ஒவ்வோர் எழுத்தாக மேலே எழுதினாள். எழுதி முடித்ததும் அவர் சிவப்புப் பேனாவால் சரி போட்டார், முழு மதிப்பெண் போட்டார், கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். இத்தனை நாளில் முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்ததுபோல் இருந்தது. கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

அவள் நோட்டை மூடினாள். ஆனால் போகவில்லை. பேனாவை எடுத்த அதே பையில் துருத்திக்கொண்டிருந்த பழுப்பு உறையைப் பார்த்தாள்.

"காலையில தண்ணின்னு நீங்களே சொல்லிட்டீங்கல்ல சார்."

"ஆமாம்மா."

"அப்புறம் அதை வாங்கினீங்களே, ஏன் சார்?"

இரண்டு வருஷத்தில் அவள் கேட்ட அத்தனை 'ஏன் சார்?' கேள்விக்கும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். தெரியாததைக்கூட நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறுநாள் பார்த்துச் சொன்னவர். அவள் எப்போதும்போல் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றாள். அவர் கரும்பலகை மூலையைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார், உறையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். இடது காதில் ஆரம்பித்தது.